காட்டுக்குள் உட்கார்ந்து காட்டை வரைவது: வாட்டர்கலர், மை, மெழுகு, பேஸ்டல் சேர்த்த முழுமையான வழிகாட்டி

பலகையும் பெட்டியுமாக முதல்முறை காட்டுக்குள் போய் உட்காருகிறவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலத்தான் இருக்கும். கடற்கரையில் குறுக்கே ஒரு கோடு போட்டால் தொடுவானம் வந்துவிடுகிறது. மலையை ஒரு வளைவில் பிடித்துவிடலாம். காட்டில் பிடித்துக்கொள்ள அப்படி ஒரு கோடு கிடைக்காது. திரும்பின பக்கமெல்லாம் இலை, இலைக்குப் பின்னால் கிளை, கிளைக்குப் பின்னால் இன்னும் நூறு மரம். எல்லாமே "என்னை வரை" என்று கேட்கும்.

இந்த நெரிசலுக்கு ஒரு வழி இருக்கிறது. மரங்களை விட்டுவிட்டு, மரங்களுக்கு நடுவே இருக்கும் வெளிச்சத்தை முதலில் வரையுங்கள். பல பொருள்களைச் சேர்த்து வரையும் மிக்ஸட் மீடியா முறை இதற்கென்றே அமைந்தது போல இருக்கும். ஈரமான நிழலை வாட்டர்கலர் பார்த்துக்கொள்ளும். முரட்டுப் பட்டையை மெழுகும் மையும் பார்த்துக்கொள்ளும். கடைசியாக விழும் வெளிச்சத்தைப் பேஸ்டல் பார்த்துக்கொள்ளும். ஒரே பொருளை வைத்து இந்த மூன்றையும் சாதிக்கப் பல வருடப் பயிற்சி வேண்டும். வேலையைப் பிரித்துக் கொடுத்தால் இரண்டு மணி நேரத்தில் ஒரு நல்ல படம் கையில் இருக்கும்.

பையில் என்ன இருக்க வேண்டும்

தாளில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) எடையுள்ள, சொரசொரப்பான கோல்டு பிரஸ்டு வாட்டர்கலர் தாள் வேண்டும். அதைவிட மெல்லிய தாள் தண்ணீர் பட்டதும் அலை அலையாக எழும்பிவிடும். ஹாட் பிரஸ்டு தாள் வழவழப்பானது, மெழுகும் பேஸ்டலும் பிடித்து நிற்க அதில் சொரசொரப்பு போதாது. 25 × 35 செ.மீ. அளவு போதும். நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, பலகையில் இறுக்கமாகப் பொருத்தி வீட்டிலிருந்தே கொண்டுபோய்விடுங்கள்.

வாட்டர்கலரில் ஆறு நிறம்: லெமன் எல்லோ, எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, கிரிம்சன், அல்ட்ராமெரின், தாலோ புளூ. டியூப்பில் வரும் பச்சையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், காரணம் பிறகு வரும். இவற்றோடு செபியா, கறுப்பு இரண்டிலும் அக்ரிலிக் இங்க், ஒரு வெள்ளை குவாஷ் (அடியில் உள்ளதை மறைக்கும் கனமான தண்ணீர் வண்ணம்), ஒரு துண்டு வெள்ளை மெழுகுவர்த்தி, பத்துப் பன்னிரண்டு சாஃப்ட் பேஸ்டல். பேஸ்டல்களைப் பாதியாக உடைத்துவிடுங்கள். முழுக் குச்சியின் நுனிதான் கையில் பழகும், உடைந்த துண்டின் பக்கவாட்டில்தான் காடு வரும்.

பிரஷ் மூன்று போதும்: ஓர் அங்குல அகலமுள்ள தட்டை பிரஷ், நடுத்தர அளவில் ஒரு உருண்டை பிரஷ், நீண்ட மெல்லிய முடியுள்ள ரிக்கர். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்று, தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரே பாட்டில், தண்ணீருக்கு இரண்டு ஜாடி, கந்தல் துணி, மடக்கு ஸ்டூல். குடை எடுத்துப் போனால் வெள்ளை அல்லது கறுப்புக் குடை. சிவப்புக் குடைக்கு அடியில் உட்கார்ந்தால் தாள் முழுக்கச் சிவப்புப் படியும், கலக்கும் நிறமெல்லாம் தப்பாகப் போகும்.

இவ்வளவையும் தோளில் தூக்கிப்போக முடிவதே பெரிய விஷயம். பிதுக்கி எடுக்கும் உலோக டியூப்புக்கு 1841-ல் ஜான் காஃப் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் எண்ணெய் வண்ணத்தை விலங்கின் சிறுநீர்ப்பையில் கட்டி எடுத்துப் போனார்கள். குத்தித் திறந்தால் சரியாக மூட முடியாது, வண்ணம் இறுகிவிடும்.

எதற்குப் பிறகு எது

மிக்ஸட் மீடியாவில் சொதப்பல் நடப்பது பெரும்பாலும் வரிசையில்தான். பொருள்களின் தன்மை புரிந்துவிட்டால் வரிசையை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

வாட்டர்கலரைப் பிடித்து வைத்திருப்பது அரபிக் கோந்து. அது காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் கரையும். அக்ரிலிக் காயும்போது பிளாஸ்டிக் படலமாகிவிடுகிறது, பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அசையாது. மெழுகு தண்ணீரை ஒதுக்கித் தள்ளும். சாஃப்ட் பேஸ்டலில் பசை மிகக் குறைவு, கிட்டத்தட்ட வெறும் நிறப்பொடிதான். தாளின் சொரசொரப்பில் சிக்கித்தான் அது நிற்கிறது. ஆகவே கீழே மெல்லிய தண்ணீர் வண்ணம், அதன்மேல் அக்ரிலிக் மை, கனமான வண்ணம் கொஞ்சமாக, எல்லாம் காய்ந்த பிறகு பேஸ்டல். மெழுகு மட்டும் இடையில் எங்கு வேண்டுமானாலும் வரலாம். எந்த நிறத்தைக் காப்பாற்ற வேண்டுமோ, அதன்மேல் தேய்த்துவிட்டு அடுத்த நிறத்தைப் போட வேண்டும்.

ஆயில் பேஸ்டலை நான் காட்டுக்கு எடுத்துப் போவதை நிறுத்திவிட்டேன். ஆரம்பத்தில் ஒரு படத்தில் அடிமரங்களை ஆயில் பேஸ்டலில் அழுத்திப் போட்டு, அதன்மேல் அக்ரிலிக்கில் இலைக் கொத்துகளை வரைந்தேன். அன்றைக்குப் பார்க்க அருமையாக இருந்தது. சில மாதம் கழித்து டேப்பை உரிப்பது போல அக்ரிலிக் பட்டையாகக் கழன்று வந்தது. ஆயில் பேஸ்டல் முழுதாகக் காய்வதே இல்லை, காயாத எண்ணெய்மேல் எதுவும் ஒட்டாது. போட்டே ஆக வேண்டுமென்றால் அதுதான் கடைசி அடுக்காக இருக்க வேண்டும்.

குளிரான காட்டுக்குப் போகிறவர்கள் கவனிக்க: ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அக்ரிலிக் சரியான படலமாக இறுகாது. அந்த மாதிரி நாளில் அக்ரிலிக்கை விட்டுவிட்டு வாட்டர்கலர், மெழுகு, பேஸ்டலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 1: இடம் பிடிப்பது

நடுக்காட்டுக்குப் போகாதீர்கள். முதல் சில படங்களுக்குக் காட்டின் ஓரம், ஒரு பாதை உள்ளே நுழையும் இடம், மரம் விழுந்து திறந்த இடம், இவைதான் சரி. அங்கே வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது தெளிவாகத் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு. அடர்ந்த இலைக்கு அடியில் விழும் வெளிச்சமே பச்சை கலந்தது. அது உங்கள் தாளின்மேலும் விழும், நீங்கள் கலக்கும் நிறத்தை மாற்றிக் காட்டும். தாளின்மேல் வானத்து வெளிச்சம் படும் நிழலில் உட்காருங்கள். நேர் வெயிலும் கூடாது. வெயிலில் தாள் பளபளப்பதால் நிறத்தைக் கூடுதல் அடர்த்தியாகக் கலப்பீர்கள், வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும்.

சூரியன் பக்கவாட்டிலோ மரங்களுக்குப் பின்னாலோ இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் இருந்தால் எல்லா மரமும் ஒரே மாதிரி தட்டையாகத் தெரியும். சூரியன் ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி நகர்கிறது. இரண்டு மணி நேரத்தில் 30 டிகிரி. நீங்கள் ஆரம்பித்தபோது இருந்த நிழல் முடிக்கும்போது இருக்காது. அதனால்தான் இரண்டு மணி நேரக் கெடு.

சரி, எந்தத் துண்டை வரைவது? அட்டையில் உங்கள் தாளின் விகிதத்தில் ஒரு சன்னல் வெட்டிக்கொள்ளுங்கள். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, அதன் வழியாகப் பாருங்கள். ஆஸ்திரிய ஓவியர் குஸ்டாவ் கிளிம்ட் இப்படித்தான் அட்டையில் சதுர ஓட்டை போட்டுக்கொண்டு தன் காட்டுப் படங்களுக்கு இடம் தேடினார். அவருடைய மரங்கள் மேலேயும் கீழேயும் சட்டத்தால் வெட்டுப்பட்டு நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். முழு மரத்தையும் படத்துக்குள் அடக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

படி 2: மூன்றே மூன்று சாயல்

பெரிய தாளைத் தொடுவதற்கு முன் ஸ்கெட்ச் புத்தகத்தில் தீக்குச்சிப் பெட்டி அளவில் மூன்று குட்டிப் படம் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம். வெள்ளை, சாம்பல், கறுப்பு, இந்த மூன்று சாயலைத் தவிர வேறு எதுவும் கூடாது. கண்ணை இடுக்கிப் பார்த்தால் இலைகள் காணாமல் போய்ப் பெரிய பெரிய திட்டுகள் மட்டும் மிஞ்சும். அந்தத் திட்டுகளைத்தான் வரைய வேண்டும்.

கண்ணை இடுக்கியும் பிடிபடவில்லை என்றால் அணைத்துவைத்த கைபேசியின் கறுப்புத் திரையில் காட்டைப் பாருங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியப் பயணிகள் கிளாட் கண்ணாடி என்ற கறுப்புக் கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். காட்சிக்கு முதுகைக் காட்டி நின்று, கண்ணாடியில் அதன் பிம்பத்தைப் பார்ப்பார்கள். விவரங்கள் மங்கி, இருள் வெளிச்சம் மட்டும் தெளியும். கைபேசித் திரை அதே வேலையைச் செய்கிறது.

காட்டுப் படங்களுக்குப் பேர்போன அமெரிக்க ஓவியர் ஜான் எஃப். கார்ல்சன் சொல்லிக்கொடுத்த ஒரு கணக்கு இங்கே உதவும். வெளிச்சத்தைக் கொடுக்கும் வானம்தான் மிகப் பிரகாசம். அதைப் பார்த்தபடி படுத்திருக்கும் தரை அடுத்தது. சாய்ந்த சரிவு அதற்கும் அடுத்தது. நிமிர்ந்து நிற்கும் மரங்களே மிக இருண்டவை. வெயில் தரையில் நேரடியாக விழாத நாளில் இந்த வரிசை அநேகமாக அப்படியே பொருந்தும்.

இலைகளின் இடுக்கில் தெரியும் வானத் துண்டுகளை மட்டும் திறந்த வானத்தைவிட ஒரு படி மங்கலாக வையுங்கள். துளை சிறுக்கச் சிறுக்க இன்னும் மங்கல். எல்லாத் துளையையும் வெள்ளைத் தாளாக விட்டால் மரத்தில் காகிதத் துணுக்கு ஒட்டியது போல ஆகிவிடும்.

படி 3: முதல் ஈரம்

பென்சிலால் நான்கைந்து கோடு போதும்: தரை எங்கே முடிகிறது, பெரிய மரங்கள் இரண்டோ மூன்றோ எங்கே நிற்கின்றன, வெளிச்சத் திறப்பு எங்கே. அப்புறம் மெழுகுவர்த்தியை எடுத்து, தாளாகவே வெள்ளையாக நிற்க வேண்டிய இடங்களில் மட்டும் லேசாகத் தேயுங்கள். வெயில் படும் பட்டையின் ஓரம், பாதையில் ஒரு கீற்று, அவ்வளவுதான். மெழுகை அந்த இடத்திலேயே அழிக்க வழி இல்லை, யோசித்துத் தேயுங்கள்.

இப்போது தட்டை பிரஷால் தாள் முழுக்கத் தண்ணீர் தடவி, வெளிச்சத் திறப்பிலிருந்து வெளிப்புறமாக வாருங்கள். நடுவில் நீர்த்த லெமன் எல்லோவும் கொஞ்சம் ஓக்கரும், விலக விலக நீலம் கலந்த பச்சை, மூலைகளில் அல்ட்ராமெரினும் பர்ன்ட் சியன்னாவும் சேர்ந்த இருட்டு. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று ஓடட்டும். இந்த நிலையில் மரமே தெரியக் கூடாது, வெறும் வெளிச்சமும் காற்றும்தான்.

பச்சையைப் பற்றி இங்கே நின்று பேச வேண்டும். ஒரு இலையை எடுத்து வானத்துக்கு எதிராகப் பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவி வரும்போது அது சூடான மஞ்சள் பச்சை. அதே இலையைக் கீழே இறக்கி மேல்புறத்தைப் பாருங்கள். வானத்தின் நீலம் அதில் பட்டுத் திரும்புவதால் குளிர்ந்து, சாம்பல் பூத்து, சில கோணங்களில் வெள்ளையாகவே மின்னும். ஒரே இலை, இரண்டு வேறு நிறம். காடு முழுவதும் இந்த இரண்டின் கலப்புதான். டியூப்பில் வரும் ஒற்றைப் பச்சையால் இதைச் சொல்ல முடியாது.

அதனால் மூன்று பச்சை கலந்துகொள்ளுங்கள். ஊடுருவும் வெளிச்சத்துக்கு லெமன் எல்லோவும் துளி தாலோ புளூவும். தாலோ மிகவும் வீரியமான நிறம், பிரஷ் நுனியில் தொட்டால் போதும். மேலிருந்து படும் வெளிச்சத்துக்கு ஓக்கரும் அல்ட்ராமெரினும், தண்ணீர் அதிகமாக. ஆழ்ந்த நிழலுக்குத் தாலோவும் பர்ன்ட் சியன்னாவும். எது கூச்சலாகத் தெரிந்தாலும் ஒரு துளி கிரிம்சன் விடுங்கள், உடனே அடங்கும்.

திறந்த வெளியில் சட்டென்று காயும் வண்ணம் காட்டு ஈரத்தில் ரொம்ப நேரம் எடுக்கும். அவசரப்பட்டு அடுத்த அடுக்கைப் போட்டால் சேறுதான். அந்த நேரத்தில் எழுந்து நடந்து ஒரு மரத்தின் பட்டையைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள், அடுத்த படிக்கு அது வேண்டும்.

படி 4: அடிமரமும் பட்டையும்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. தாள் தொட்டால் குளிராக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். குளிர்ச்சி போன பிறகு ஆரம்பியுங்கள்.

மெழுகுவர்த்தித் துண்டைப் படுக்கவைத்து, அடிமரம் நிற்கும் இடத்தில் மேலிருந்து கீழாக அழுத்தாமல் ஒரே இழுப்பாக இழுங்கள். தாளின் மேடுகளில் மட்டும் மெழுகு ஒட்டும், பள்ளங்கள் வெறுமையாக இருக்கும். இப்போது செபியா மையைத் தண்ணீரில் பாதிக்குப் பாதி கலந்து, உருண்டை பிரஷில் தோய்த்து அதன்மேல் ஓட்டுங்கள். மை மெழுகிலிருந்து பின்வாங்கிச் சின்னச் சின்ன மணியாகத் திரண்டு, பள்ளங்களில் போய்த் தங்கும். முதல் அடுக்கில் போட்ட மஞ்சளும் நீலமும் மெழுகுக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். பிரஷால் ஒரு மணி நேரம் வெடிப்பு வெடிப்பாக வரைந்தாலும் இந்தப் பட்டை வராது. மை ஈரமாக இருக்கும்போதே நிழல் பக்கத்தில் ஒரு சொட்டுக் கறுப்பு மை விட்டு ஸ்பிரேயால் ஒருமுறை தண்ணீர் தெளித்தால், இருள் தானாகப் படர்ந்து வேர்ப்பக்கம் இறங்கும். வெயில் பக்கத்தைப் பிளாஸ்டிக் அட்டையின் ஓரத்தால் வழித்துவிடுங்கள்.

மரத்தைக் கம்பம் நட்டது போல வைக்காதீர்கள். அடியில் அகன்று, வேராகப் பிரிந்து தரைக்குள் போகட்டும். கிளை பிரியும் வரை அடிமரத்தின் பருமன் அதிகம் குறைவதில்லை, பிரிந்ததும் சட்டென்று குறையும். ஒரு மட்டத்தில் உள்ள கிளைகளின் பருமனையெல்லாம் சேர்த்தால் அடிமரத்தின் பருமன் வரும் என்று லியனார்டோ டாவின்சி குறித்துவைத்தார். இந்தக் கணக்கை மனதில் வைத்தால் கிளை தானாகச் சரியாக அமையும்.

பழுப்பு என்ற பழக்கத்தையும் விடுங்கள். நிழலில் நிற்கும் மரம் பெரும்பாலும் சாம்பல் ஊதா, பாசி ஏறினால் பச்சை. இருண்ட புதருக்கு எதிரே அதே மரம் வெளுத்துத் தெரியும், வானத்துக்கு எதிரே கறுத்துத் தெரியும். ஒரே மரத்தில் பாதி வழியில் இந்த மாற்றத்தைப் போட்டுப் பாருங்கள், படத்துக்கு உயிர் வந்துவிடும்.

சுள்ளிகளுக்கு ரிக்கர் பிரஷ். அதைவிட, காலடியில் கிடக்கும் ஒரு குச்சியை மையில் தோய்த்து வரைவது இன்னும் நல்லது. குச்சி திக்கித் திக்கிப் போகும், மை நடுவில் தீரும், கிளையும் அப்படித்தான் வளைந்து நெளிந்து போகிறது.

படி 5: இலைக் கொத்து

இதைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். கசக்கிய துணியை வண்ணத்தில் ஒற்றி, கொத்துகளின் ஓரங்களில் மட்டும் அழுத்தினால் போதும். உள்ளே தட்டையாக இருக்கலாம், ஓரம் இலையாகத் தெரிந்தால் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும். தனி இலை என்று படம் முழுக்கப் பத்துக்கு மேல் வேண்டாம், அவையும் உங்களுக்கு மிகப் பக்கத்தில் உள்ளவையாக இருக்கட்டும்.

படி 6: தரையில் விழும் வெயில் பொட்டுகள்

இலை இடுக்கின் வடிவம் கோணல்மாணலாக இருந்தாலும் தரையில் விழும் வெயில் பொட்டு வட்டமாகவோ நீள்வட்டமாகவோதான் இருக்கும். காரணம், சின்ன இடுக்கு ஒவ்வொன்றும் ஒரு ஊசித்துளைக் கேமரா. தரையில் விழுவது சூரியனின் பிம்பம். சூரிய கிரகணத்தின்போது இதே பொட்டுகள் பிறையாக மாறுவதைப் பார்க்கலாம். பொட்டின் குறுக்களவு, இடுக்கு இருக்கும் தூரத்தில் நூறில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. 10 மீட்டர் தூரத்து இடுக்கு என்றால் சுமார் 9 செ.மீ. இன்னும் உயரத்திலிருந்து வருவது இன்னும் பெரிது, மங்கல், ஓரம் மென்மை.

ஆகவே கூரான வெள்ளைத் துணுக்குகளைத் தூவாதீர்கள். வெள்ளை குவாஷில் துளி லெமன் எல்லோவும் ஓக்கரும் கலந்து, படுத்த நீள்வட்டங்களாகப் போடுங்கள். பக்கத்தில் உள்ளவை அகலமாக, தூரத்தில் உள்ளவை கோடு மாதிரி மெலிந்து. சில ஒன்றோடொன்று ஒட்டட்டும். பாதையில் மேடு பள்ளம் இருந்தால் பொட்டும் அதோடு வளைய வேண்டும், தரையின் வடிவத்தை அதுதான் சொல்கிறது.

படி 7: கடைசியில் பேஸ்டல்

தாள் முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும். வெளிர் மஞ்சள் பச்சையைப் பக்கவாட்டில் பிடித்து, வெளிச்சம் ஊடுருவும் கொத்துகளின்மேல் தொட்டும் தொடாமலும் இழுங்கள். கீழே உள்ள இருட்டு இடையிடையே தெரிய வேண்டும், தேய்த்து மூடிவிட்டால் பேஸ்டலுக்கே அர்த்தமில்லை. நிழலில் இரண்டு மூன்று இடத்தில் மங்கிய ரோஜா நிறமோ ஆரஞ்சோ வையுங்கள். சுற்றியுள்ள பச்சை உடனே ஆழம் பெறும். ஈரமாக அச்செடுத்த வண்ணத்தின்மேல் பேஸ்டல் போட்டு பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகா செய்த நிலக்காட்சிகள் 1892-ல் காட்சிக்கு வந்தன. கீழ் அடுக்கு கனவு மாதிரி மங்கலாக இருக்க, மேலே நாலு கோடு அதை இடமாக மாற்றுவதை அவற்றில் பார்க்கலாம்.

உதிரும் பொடியை வாயால் ஊதாதீர்கள், அது நுரையீரலுக்குத்தான் போகும். பலகையை நிமிர்த்திப் பின்னால் தட்டுங்கள். பொடி உதிராமல் பிடித்து நிறுத்தும் ஃபிக்சட்டிவ் ஸ்பிரே அடித்தால் பேஸ்டல் ஒரு படி கறுக்கும். அதனால் முதலில் அடித்துவிட்டு, மிகப் பிரகாசமான நான்கைந்து தொடுகையை அதன்பிறகு வையுங்கள்.

எப்போது நிறுத்துவது

நிழல் நகர்ந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். புது நிழலைத் துரத்தினால் ஒரே படத்தில் இரண்டு சூரியன் வந்துவிடும். சாயங்காலம் வெளிச்சம் குறையும்போதும் அப்படித்தான். மங்கலில் நம் கண் சிவப்பைக் கறுப்பாகவும் நீலப்பச்சையைக் கூடுதல் வெளிச்சமாகவும் காட்டத் தொடங்கும். அந்த நேரத்தில் எடுக்கும் முடிவுகளை மறுநாள் அநேகமாக மாற்ற வேண்டிவரும்.

வண்ணத் தண்ணீரை மரத்தடியிலோ ஓடையிலோ ஊற்றாதீர்கள், மூடிபோட்ட பாட்டிலில் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். நமக்கு முன்னால் காட்டில் உட்கார்ந்தவர்கள் இதைவிடப் பெரிய காரியம் செய்திருக்கிறார்கள். பிரான்ஸின் ஃபோந்தென்புளோ காட்டில் பழைய ஓக் மரங்கள் வெட்டுப்பட்டபோது தியோடர் ரூசோவும் மற்ற ஓவியர்களும் எதிர்த்து நின்றார்கள். 1861-ல் ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் கலைக்காகப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது.

படத்தின்மேல் பட்டர் பேப்பர் வைத்து, அது நகராமல் டேப் ஒட்டிக் கொண்டுவாருங்கள். வீட்டில் ஒருநாள் பார்க்காமல் வைத்துவிட்டு, மறுநாள் முகம் பார்க்கும் கண்ணாடியில் இடம் வலம் மாற்றிக் காட்டிப் பாருங்கள். தேவைப்பட்டால் நிழலில் ஒன்றிரண்டு இடத்தை மட்டும் அழுத்தலாம். சட்டம் போடும்போது கண்ணாடி பேஸ்டலைத் தொடாதபடி நடுவே தடித்த மவுன்ட் அட்டை வேண்டும். தாளின் பின்புறம் தேதி, ஆரம்பித்த நேரம், சூரியன் எந்தப் பக்கம் இருந்தது என்று பென்சிலால் எழுதிவிடுங்கள். அடுத்தமுறை அதே மரத்தடிக்கு வேறொரு நேரத்தில் போய் உட்காரும்போது இந்த மூன்று வரி தேவைப்படும்.